அமெரிக்காவுல நாயோட கேம்பிங்: இடம் தேடுறது எப்படி

மெமோரியல் டே, ஜூலை 4 லாங் வீக்கெண்ட் நெருங்குனாலே நம்ம தமிழ் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு கேள்வி கண்டிப்பா வரும், "யோசெமிட்டி போறோம், நாயை கூட்டிட்டுப் போலாமா இல்ல போர்டிங்ல விடணுமா?" உடனே யாராவது "கேம்ப்கிரவுண்ட்ல பெட்ஸ் அலவ்டு, தாராளமா கூட்டிட்டுப் போங்க"ன்னு போட்டுருவாங்க. அது பொய் இல்ல, ஆனா பாதி பதில்தான். ராத்திரி நாய் உங்க டென்ட்டுல தூங்கலாமாங்கறது ஒரு கேள்வி. பகல் முழுக்க அது எங்க நடக்கும், எந்தத் தண்ணியில இறங்கும், நீங்க டிரெயில் போனா அது யார்கூட இருக்கும்ங்கறது வேற கேள்வி. ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாம புக் பண்ணா என்ன ஆகும், வீட்டுல ஒருத்தர் நாயோட பார்க்கிங் லாட்லயே உக்காந்திருப்பாங்க, மத்தவங்க ஓடிப்போய் ஃபால்ஸை பாத்துட்டு ஓடி வருவாங்க. நாய்க்கும் சந்தோஷம் இல்ல, மனுஷங்களுக்கும் இல்ல. அதனால நான் தேடும்போது முதல்ல பகலைத்தான் பாப்பேன், படுக்கற இடம் அப்புறம்.

முதல்ல நிலம் யாரு கையில இருக்குன்னு பாருங்க

இது ஒண்ணு புரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. ஒரே மலை, ஒரே காடு, ஆனா நடுவுல ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நேஷனல் பார்க், அந்தப் பக்கம் நேஷனல் ஃபாரஸ்ட். ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட், நாய் விஷயத்துல ரூலும் வேற வேற.

நேஷனல் பார்க்ல பொதுவா லீஷ் (நாயைப் பிடிச்சுட்டுப் போற கயிறு) 6 அடிக்கு மேல இருக்கக்கூடாது, நாயை எங்கயாவது கட்டிப்போட்டுட்டு நீங்க கிளம்பிப் போகக்கூடாது, பெரும்பாலான பார்க்ல மண் டிரெயில்ல நாய்க்கு அனுமதி கிடையாது. யோசெமிட்டியை எடுத்துக்குங்க, கேம்ப் 4 மாதிரி நடந்துபோற கேம்ப்கிரவுண்ட், குரூப் கேம்ப்கிரவுண்ட் இதெல்லாம் தவிர மத்ததுல நாய் தங்கலாம், ஆனா நடக்கிறது தார் ரோடு, நடைபாதை, சைக்கிள் பாதைலதான், வவோனா மெடோ லூப் மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர. ஷட்டில் பஸ்லயும் ஏத்த மாட்டாங்க. யூட்டாவுல இருக்கிற சியான் பார்க்ல இது இன்னும் கஷ்டம், அங்க நாய் போகக்கூடிய டிரெயில் பாருஸ் டிரெயில் ஒண்ணுதான், சீசன்ல மெயின் கேன்யனுக்குள்ள சொந்த வண்டி விட மாட்டாங்க, ஷட்டில்லதான் போகணும், அந்த ஷட்டில்ல நாய் ஏறக்கூடாது. அதாவது வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்ட்ல நாயோட சட்டப்படி தங்கலாம், ஆனா சியானை நாயோட பாக்க முடியாதுன்னே வச்சுக்குங்க. கிழக்குப் பக்கம் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ்லயும் இதே கதைதான், கேட்லின்பர்க் டிரெயில், ஓகோனலஃப்டி ரிவர் டிரெயில், இந்த ரெண்டுதான் நாய்க்கு.

யெல்லோஸ்டோன்ல ரோடு, பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட் இதுல இருந்து 100 அடிக்குள்ளதான் நாய் இருக்கணும், மரப்பலகை நடைபாதையில காலே வைக்கக்கூடாது. ஏன் இவ்வளவு கெடுபிடின்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். 1981ல அங்க ஒரு நாய் வண்டியிலிருந்து தப்பிச்சு ஓடி கொதிக்கிற ஊத்துக்குள்ள குதிச்சிருச்சு, அதைக் காப்பாத்தப் பின்னாடியே குதிச்சவரும் செத்துட்டாரு, நாயும் செத்துருச்சு. பாக்க நீச்சல் குளம் மாதிரி தெளிவா இருக்கும் அந்தத் தண்ணி. நாய்க்கு எங்கருந்து தெரியும் அது கொதிக்குதுன்னு? யெல்லோஸ்டோனுக்கு மட்டும் நாயை விட்டுட்டுப் போறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

எல்லா நேஷனல் பார்க்கும் அப்படி இல்ல. மெய்ன்ல அகேடியா நாய்க்காரங்களுக்கு சொர்க்கம், 100 மைல் டிரெயில், அது போக 45 மைல் கேரேஜ் ரோடு (குதிரை வண்டிக்குப் போட்ட பழைய பாதை), லீஷ் போட்டு நாள் பூரா நடக்கலாம், பிளாக்வுட்ஸ், சீவால் ரெண்டு கேம்ப்கிரவுண்ட்லயும் நாய் தங்கலாம். வர்ஜினியாவுல ஷெனண்டோவாவுல 500 மைல் டிரெயில் இருக்கு, அதுல 20 மைலுக்கும் கம்மியாதான் நாய்க்குத் தடை, ஓல்டு ராக், டார்க் ஹாலோ ஃபால்ஸ் மாதிரி கூட்டம் அதிகமா இருக்கிற, செங்குத்தான இடங்கள் அந்தத் தடைல வரும். டிசி, நியூ ஜெர்சி பக்கம் இருக்கிறவங்க நாயோட முதல் கேம்பிங்குக்கு ஷெனண்டோவாவை யோசிக்கலாம். கிராண்ட் கேன்யன் சவுத் ரிம்ல மேல விளிம்பு ஓரமா போற டிரெயில்ல லீஷோட போலாம், மேதர் கேம்ப்கிரவுண்ட்ல தங்கலாம், ஆனா விளிம்புக்குக் கீழ ஒரு அடி கூட இறங்கக்கூடாது. கொலராடோல கிரேட் சாண்ட் டூன்ஸ்ல மணல்மேட்டு மேலயே கூட்டிட்டுப் போலாம், ஆனா கோடையில மத்தியானம் அந்த மணல்ல கால் வச்சா பாதம் வெந்துரும், விடிகாலைல போயிட்டு வந்துருங்க.

பக்கத்துல இருக்கிற ஃபாரஸ்ட்ல தங்குங்க

நான் எப்பவும் சொல்ற வழி இதுதான், பார்க்ல டிரெயில் மூடியிருந்தா அதை ஒட்டி இருக்கிற நேஷனல் ஃபாரஸ்டைத் தேடுங்க. ஃபாரஸ்ட் சர்வீஸ் நிலத்துல பெரும்பாலும் டிரெயில்லயும் நாய் வரலாம், கேம்ப்கிரவுண்டுக்குள்ள மட்டும் 6 அடி லீஷ் கட்டாயம். செக்கோயா நேஷனல் பார்க்ல ஒரு டிரெயில்ல கூட நாய் போக முடியாது, ஆனா அதை ஒட்டின ஜயன்ட் செக்கோயா நேஷனல் மான்யுமென்ட் ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில இருக்கு, அங்க டிரெயில் ஆஃப் 100 ஜயன்ட்ஸ்ல அதே ராட்சச செக்கோயா மரத்துக்கு அடியில நாயோட நடக்கலாம். யோசெமிட்டிக்குக் கிழக்கால இறங்குனா இன்யோ நேஷனல் ஃபாரஸ்ட், மாமத் லேக்ஸ் பக்கம் ஏரிக்கு ஏரி டிரெயில் இருக்கு, ஊரே நாய்க்குப் பழகின ஊரு. லேக் டாஹோல ஃபாலன் லீஃப் கேம்ப்கிரவுண்ட் ஃபாரஸ்ட் சர்வீஸோடது, பக்கத்துலயே கீவா பீச்சுல லீஷோட நாயை தண்ணில இறக்கலாம், டெசொலேஷன் வில்டர்னெஸ்ல பெர்மிட் எடுத்து ஹைக்கும் கூட்டிட்டுப் போலாம். பிரைஸ் கேன்யன் போறவங்க டிக்ஸி நேஷனல் ஃபாரஸ்ட்ல இருக்கிற ரெட் கேன்யன்ல தங்குனா அதே செக்கச்செவேல்னு இருக்கிற பாறை, டிரெயில்லயும் நாய் வரலாம்.

கேம்ப்கிரவுண்டே வேணாம், ஆள் இல்லாத இடம் வேணும்னா டிஸ்பர்ஸ்டு கேம்பிங், நேஷனல் ஃபாரஸ்ட்லயும் பிஎல்எம்னு சொல்ற இன்னொரு ஃபெடரல் துறையோட நிலத்துலயும் பெரும்பாலும் காசே கிடையாது, பொதுவா 14 நாள் வரைக்கும் தங்கலாம். பயந்த சுபாவம் இருக்கிற நாய், மத்த நாயைப் பாத்தா கத்துற நாய், இதுங்களுக்கு இதுதான் ரொம்ப நல்லது, பக்கத்து சைட்டே இருக்காது. ஆனா தண்ணி, கழிவறை, செல்போன் சிக்னல் எதுவும் இருக்காது, நாய்க்குன்னு தனியா கேன்ல தண்ணி எடுத்துக்குங்க. கலிஃபோர்னியால ஃபாரஸ்டுக்குள்ள கேஸ் ஸ்டவ் பத்த வைக்கவே கேம்ப்ஃபயர் பெர்மிட் வேணும், ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்கும்.

ஸ்டேட் பார்க் ஊருக்கு ஊர் மாறும், பக்கத்து ஸ்டேட்ல பாத்த ரூலை இங்க எதிர்பாக்காதீங்க. கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்ல நிறைய கேம்ப்கிரவுண்ட்ல நாய் தங்கலாம், டிரெயில்ல பெரும்பாலும் கிடையாது, ராத்திரி டென்ட்டுக்குள்ளயோ வண்டிக்குள்ளயோதான் வச்சிருக்கணும். பிக் சர் போற வழில பாயின்ட் லோபோஸ்ல நாயை வண்டிக்குள்ள வச்சுட்டுக் கூட நுழைய முடியாது, ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கார்மெல் பீச்சுல லீஷ் இல்லாமலே ஓட விடலாம், சொன்ன பேச்சு கேக்கற நாயா இருந்தா போதும். பாயின்ட் ரேயஸ்ல சில பீச்சுக்கு நாய் வரலாம், அங்க இருக்கிற கேம்ப்கிரவுண்ட் எதுலயும் தங்க முடியாது, பே ஏரியாக்காரங்க நிறைய பேர் இதுலதான் மாட்டிக்கிறாங்க. ஒரிகன் ரொம்ப தாராளம், கேம்ப்கிரவுண்ட், டிரெயில், பீச் பெரும்பாலானதுல நாய் வரலாம், சில பார்க்ல நாயோட தங்கற மாதிரி யர்ட் (வட்டமான ரெடிமேட் கூடாரம்) கூட வாடகைக்குத் தராங்க, டென்ட் அடிக்கத் தெரியாத குடும்பத்துக்கு அது அருமையான ஆரம்பம். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்லயும் பெரும்பாலான டிரெயில்ல லீஷோட நாய் போலாம், கேபினுக்குள்ள மட்டும் விட மாட்டாங்க. நியூ ஜெர்சில எல்லா சைட்லயும் கிடையாது, நாய்க்குன்னு ஒதுக்கின சைட்டாப் பாத்து எடுக்கணும். நியூ யார்க்ல அடிரோண்டாக்ஸ் பக்கம் ஸ்டேட் கேம்ப்கிரவுண்ட்ல ரேபிஸ் ஊசி போட்ட சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க, போன்ல ஒரு போட்டோ, கையில ஒரு பேப்பர் ரெண்டும் வச்சுக்குங்க.

பிரைவேட் கேம்ப்கிரவுண்ட்ல கேஓஏ பெரிய பேரு, நிறைய கிளைல கேம்ப் கே9னு வேலி போட்ட நாய் பார்க் இருக்கும், வெந்நீர், லாண்ட்ரி எல்லாம் இருக்கும், சைட்டுங்க நெருக்கமா இருக்கும். ஹிப்கேம்ப்னு ஒரு புக்கிங் சைட் மூலமா தனியார் தோட்டம், பண்ணைல தங்கலாம், ஆனா அங்க ஆடு, கோழி, அவங்க வீட்டு நாய் சுத்திட்டு இருக்குமான்னு கேட்டுக்குங்க. தனியார் இடத்துல இன்ஷூரன்ஸ் காரணமா பிட் புல், ராட்வைலர், டோபர்மேன் மாதிரி சில ஜாதிக்கு தடை இருக்கலாம், கலப்பு நாயா இருந்தாலும் போன்ல சொல்லிட்டு, சரின்னு சொன்னா மெயில்ல எழுதி வாங்கிக்குங்க. வாசல் வரைக்கும் போய் திரும்பி வர்றது நாயை விட குழந்தைங்களுக்குத்தான் ரொம்ப வருத்தமா இருக்கும்.

தேடுறதும் புக் பண்றதும்

ஃபெடரல் நிலத்துக்கு ரெக்ரியேஷன் டாட் கவ், கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குக்கு ரிசர்வ் கலிஃபோர்னியா. ரெக்ரியேஷன் டாட் கவ்ல ஒவ்வொரு சைட் நம்பரைத் தட்டுனா உள்ள பெட்ஸ் அலவ்டுன்னு ஒரு வரி இருக்கும், கேம்ப்கிரவுண்டோட முதல் பக்கத்தோட நிறுத்திடாம அந்த சைட்டோட வரியைப் பாருங்க. அப்புறம் அந்தப் பார்க்கோட சொந்த வெப்சைட்ல பெட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், எந்த டிரெயில் சரி எந்த டிரெயில் கூடாதுன்னு அங்கதான் பேர் பேரா போட்டிருப்பாங்க. இந்த ரெண்டையும் படிக்காம மூணாவது ஆளு போட்ட "டாப் டென் டாக் ஃப்ரெண்ட்லி" லிஸ்டை நம்பாதீங்க, அதுல பாதி பேரு கேம்ப்கிரவுண்ட் ரூலை மட்டும் பாத்து எழுதினது.

நல்ல சைட் எல்லாம் சீக்கிரம் போயிரும். கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க் 6 மாசம் முன்னாடியே காலைல 8 மணிக்குத் திறக்கும், யோசெமிட்டியோட பெரும்பாலான சைட் 5 மாசம் முன்னாடி, மாசம் 15ஆம் தேதி காலைல 7 மணிக்கு, பசிஃபிக் டைம். தேதி தவறிப்போச்சுன்னா கேன்சலேஷனுக்கு அலெர்ட் போட்டு வச்சுட்டு, ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்க. வார நாள்ல போனா நாய்க்கும் நல்லது, கூட்டம் கம்மி, ஜெனரேட்டர் சத்தம் கம்மி.

ரிவ்யூ படிக்கும்போது ஸ்டாரைப் பாக்காதீங்க, த டர்ட், கேம்பெண்டியம், கூகுள் மேப்ஸ் எங்கயா இருந்தாலும் ரிவ்யூக்குள்ள டாக், ஆஃப் லீஷ், ஷேட், பர்ஸ் (ஒட்டுற முள்விதை), டிக்ஸ் (உண்ணி)னு தேடிப் பாருங்க. "எங்க நாய் பாதத்துல பூரா முள்ளு"ன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தா அந்த இடம் அந்த மாசத்துல வேணாம். அப்புறம் ரேஞ்சர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க, இதை நிறைய பேர் செய்யறதே இல்ல, அவங்க ரொம்பப் பொறுமையா பேசுவாங்க. "நாயோட வரோம், எந்த டிரெயில் போலாம், ஏரில இப்ப பாசி எச்சரிக்கை இருக்கா, கரடி நடமாட்டம் எப்படி, ஒரு சைட்டுக்கு எத்தனை நாய், பக்கத்துல வெட் (நாய் டாக்டர்) எந்த ஊர்ல" இவ்வளவு கேட்டா போதும்.

சைட் எடுக்கும்போது லூப்போட கடைசில இருக்கிறதா, கழிவறைக்குப் பக்கத்துல இல்லாததா எடுங்க, ராத்திரி பூரா டார்ச் அடிச்சுட்டு ஆள் போயிட்டு வந்துட்டு இருந்தா எந்த நாயும் குரைக்கத்தான் செய்யும். சாட்டிலைட் வியூல மரம் எந்தப் பக்கம்னு பாருங்க, மத்தியான வெயில் விழற சைட்ல நாய் படுக்க எடம் இருக்காது, டென்ட்டுக்குள்ள அடுப்பு மாதிரி சூடாயிரும்.

எந்த இடத்துக்கு எந்த மாசம்

இதை நிறைய கைடுல எழுதறதில்ல, ஆனா நாயோட உயிர் சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கலிஃபோர்னியால மே மாசத்துக்கு மேல புல்லெல்லாம் காய்ஞ்சதும் ஃபாக்ஸ்டெயில்னு ஒரு புல்லோட முள்விதை கிளம்பும், அது விரல் இடுக்குல, காதுல, மூக்குல ஏறுனா வெளிய வராது, உள்ள உள்ள போயிட்டே இருக்கும், கடைசில ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். நாய் திடீர்னு தொடர்ந்து தும்முது, இல்ல ஒரே பக்கமா தலையை ஆட்டுதுன்னா காத்திருக்காம வெட்கிட்ட போங்க. கோடையில புல்வெளி இருக்கிற கேம்ப்கிரவுண்டை விட்டுட்டு பைன் மரக்காடு, கடலோரம் பக்கம் போறது நல்லது.

ஏரி, ஆறுல நீலப்பச்சைப் பாசி இன்னொண்ணு. தண்ணி மேல பெயின்ட் கொட்டின மாதிரி பச்சையா இருந்தா எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆத்துல பாறைல ஒட்டியும் இருக்கும், பாத்தா சாதாரணப் பாசி. 2020 ஜூலைல சியான்ல வர்ஜின் ஆத்துல விளையாடின நாய்க்குட்டி ஒண்ணு இதனால செத்துப்போச்சு. எச்சரிக்கை போர்டு இருந்தா பாதம் கூட நனைய விடாதீங்க, நனைஞ்சுட்டா நல்ல தண்ணில கழுவுங்க, ஏன்னா அது தன்னைத்தானே நக்கும்போதுதான் விஷம் உள்ள போகும்.

வாஷிங்டன், ஒரிகன், வட கலிஃபோர்னியா ஆத்தங்கரைல செத்த சால்மன் மீன் கிடக்கும், பச்சையா தின்னா சால்மன் பாய்ஸனிங்னு ஒரு நோய் வரும், வைத்தியம் பண்ணாட்டி நாய் பிழைக்கிறது கஷ்டம். மீன் தின்னு ஒரு வாரத்துல வாந்தி, காய்ச்சல், சாப்பிடாம இருக்கறதுன்னா வெட்கிட்ட "ஆத்துல மீன் தின்னுச்சு"ன்னு முதல்லயே சொல்லிருங்க, அது தெரிஞ்சா வைத்தியம் சுலபம்.

வடகிழக்குல உண்ணி, அது மூலமா லைம் நோய். கிளம்பறதுக்கு முன்னாடியே உண்ணி மருந்து கொடுத்துட்டு, தினமும் சாயங்காலம் காது மடிப்பு, அக்குள், வாலுக்குக் கீழ விரலால தடவிப் பாருங்க. தென்மேற்குப் பாலைவனத்துல கிலுகிலுப்பைப் பாம்பு, கடிச்சா முறிமருந்து எல்லா வெட்கிட்டயும் இருக்காது, எந்த ஆஸ்பத்திரில இருக்குன்னு வீட்டுல இருக்கும்போதே போன் பண்ணி கேட்டு எழுதி வச்சுக்குங்க.

வெயில் பத்தி ஒரே ஒரு கணக்கு, வெளிய 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தாலே மூடின காருக்குள்ள அரை மணி நேரத்துல 104 தொட்டுரும். "விசிட்டர் சென்டர் பாத்துட்டு வந்துரலாம், நாய் வண்டில இருக்கட்டும்"ங்கற பேச்சுக்கே இடம் கிடையாது. ரெண்டு பெரியவங்க மாத்தி மாத்திப் போங்க, இல்லாட்டி பக்கத்து ஊர்ல பகல்நேர போர்டிங் இருக்கான்னு முன்னாடியே பாத்து வைங்க, கிராண்ட் கேன்யன் சவுத் ரிம்ல பார்க்குக்குள்ளயே கென்னல் இருக்கு, தடுப்பூசி பேப்பர் வேணும்.

கரடி இருக்கிற இடத்துல நாய்ச் சாப்பாடும் சாப்பாடுதான், நாயோட தட்டு, பிஸ்கட், பாதி தின்ன எலும்பு எல்லாத்தையும் கரடிப் பெட்டில பூட்டணும், வண்டில வச்சா யோசெமிட்டில கரடி கதவைப் பிச்சு எடுத்துரும். நாயை ராத்திரி வெளிய கட்டவே கட்டாதீங்க.

நம்ம சமையல்லயும் கவனம் வேணும். கேம்ப்ல பிரியாணி, சாம்பார், கேசரின்னு நாம விருந்தே வச்சுருவோம், வெங்காயம், பூண்டு, திராட்சை மூணும் நாய்க்கு விஷம், வெந்த கோழி எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும். பாசமா ஒரு வாய் ஊட்டுற பாட்டி, தாத்தா கூட வந்திருந்தா முதல் நாளே பக்குவமா சொல்லிருங்க, அவங்க கையால கொடுக்கறதுக்கு வெறும் தயிர் சாதம், தாளிக்காம, எடுத்து வச்சுட்டா அவங்களுக்கும் திருப்தி.

முதல் தடவை போறவங்க வீட்டுத் தோட்டத்துலயோ பால்கனிலயோ ஒரு ராத்திரி டென்ட் போட்டுப் பாருங்க. ஜிப் சத்தம், துணி படபடக்கிற சத்தம் பழகிரும். பழகாத நாய் காட்டுல முதல் ராத்திரி விடிய விடிய குரைக்கும், பெரும்பாலான கேம்ப்கிரவுண்ட்ல ராத்திரி 10 மணிக்கு மேல சத்தம் கூடாது. கக்கா எடுக்கப் பை வேணுங்கற அளவுக்கு எடுத்துட்டுப் போங்க, டிரெயில்ல கட்டி வச்சுட்டு "திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்"னு விடாதீங்க. நாய் அனுமதிக்கிற இடங்கள் ஒவ்வொண்ணா மூடிட்டு வர்றதுக்கு இந்தப் பைகளும் ஒரு காரணம், இதை நினைச்சா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

கனடால பான்ஃப் போற எண்ணம் இருந்தா, அங்க பெரும்பாலான டிரெயில்ல லீஷோட நாய் போலாம், ஆனா ஓடென்டிக்னு சொல்ற ரெடிமேட் கூடாரத்துல நாய்க்கு இடமில்ல, சொந்த டென்ட்தான். ரேபிஸ் சர்ட்டிஃபிகேட் கொண்டு போங்க. திரும்பி அமெரிக்காவுக்குள்ள வரும்போது 2024 ஆகஸ்ட் 1ல இருந்து நாய்க்கு 6 மாசம் ஆயிருக்கணும், மைக்ரோசிப் இருக்கணும், சிடிசியோட (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) டாக் இம்போர்ட் ஃபார்ம் நிரப்பியிருக்கணும். குட்டி வச்சிருக்கிறவங்க இதைக் கவனிக்காம போனா பார்டர்ல மாட்டிக்குவாங்க.

கடைசியா, கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் கிளம்பற அன்னைக்குக் காலைலயும் அந்த ஃபாரஸ்ட் இல்ல பார்க்கோட அலெர்ட்ஸ் பக்கத்தைப் பாருங்க. 2021 லேபர் டே வீக்கெண்ட்ல காட்டுத்தீயால கலிஃபோர்னியாவுல கிட்டத்தட்ட எல்லா நேஷனல் ஃபாரஸ்டையும் ஒரேயடியா மூடிட்டாங்க, புக் பண்ணினவங்க எல்லாம் தவிச்சுப் போனாங்க. தீ சீசன்ல ஃபாரஸ்ட்ல ஒரு சைட் எடுத்தா, கேன்சல் ரூலைப் படிச்சுப் பாத்துட்டு கடலோரத்துல இன்னொரு இடத்தோட பேரும் போன் நம்பரும் குறிச்சு வைங்க. ரெட்வுட் பக்கம் கோல்டு பிளஃப்ஸ் பீச் கேம்ப்கிரவுண்ட் அதுக்கு நல்ல இடம், டென்ட் வாசல்லயே கடல், அந்த பீச்சுல லீஷோட நாய் நடக்கலாம், பக்கத்துல இருக்கிற ஃபெர்ன் கேன்யனுக்குள்ள மட்டும் கூட்டிட்டுப் போக முடியாது.